சிறுமூளையின் திராட்சைப் பந்தல்

1

போன மாதம் இந்த ஊர் போலீஸ் என்னை நிறுத்தி ஊதச் சொன்னது. நான் லாரி ஓட்டிக்கொண்டு போகவில்லை. சைக்கிள். காலை நேரம். முன்கூடையில் தயிர்சாதம்.

ஜெர்மனிக்கு வந்து இருபது வருடம் நிறைந்த வாரம் அது. அதைக் கொண்டாட எனக்குத் தெரிந்த யாரும் இல்லை; இந்த நகரத்துக் காவல்துறைதான் முன்வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர். இளையவருக்கு என் மகன் வயது. நான் ஆற்றுப் பாலத்தில் வளைந்து வளைந்து வந்ததைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறார். இறங்கி நின்றபோது கால்களை அகட்டி நின்றேன். அதையும் பார்த்தார்.

‘காலையில் என்ன குடித்தீர்கள்?’

‘காபி.’

‘அதற்கு முன்னால்?’

‘தண்ணீர்.’

ஊதினேன். கருவியில் பூஜ்யம். அவர் கருவியைத் தட்டிப் பார்த்தார், திரும்ப ஊதச் சொன்னார். திரும்பவும் பூஜ்யம். அப்போதும் அவர் கண்ணில் கருவி மீதுதான் சந்தேகம், தன் மீது இல்லை.

ஜெர்மன் மொழியிலும் நீ, நீங்கள் என்ற மரியாதை வித்தியாசம் உண்டு. கோபம் வந்தால் எனக்கு முதலில் ஓடிப்போவது ‘நீங்கள்’தான். “இப்போ நீ என்ன செய்யப்போறே, மூணாவது தடவையும் ஊதச் சொல்லப்போறியா?” என்று அவர்கள் மொழியில் கேட்டுவிட்டேன். போலீஸை ஒருமையில் பேசினால் இங்கே வழக்கே போடலாம். மூத்தவர் சிரித்துவிட்டதால் தப்பித்தேன். இளையவர் முகம் சிவந்து, ‘பிறகு ஏன் இப்படி ஆடுகிறீர்கள்?’ என்றார்.

நல்ல கேள்வி. என் ஊரான தேனியில் யாருக்கும் பதில் தெரியாத அதே கேள்வி. எனக்குப் பதில் தெரியும் என்பதால் நடுப்பாலத்தில் நிறுத்தி வைத்துச் சொன்னேன். கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று அவருக்கு. அலுவலகத்துக்குத் தாமதமானது எனக்கு.

2

அப்பாவுக்குத் தேனி கடைவீதியில் பாத்திரக்கடை. தள்ளாட்டம் வரக்கூடாத மனிதருக்கு, வரக்கூடாத இடத்தில் வந்தது. ஜவுளிக்கடைக்காரர் தடுமாறினால் துணி சரியும், சத்தமிருக்காது. அப்பா தடுமாறினால் எவர்சில்வர் குடம் ஒன்று தெருவரைக்கும் உருண்டுபோய், எதிர்க்கடை, பக்கத்துக்கடை, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோருக்கும் செய்தி சொல்லும்.

“காலங்காத்தாலேயே ஏத்திட்டாரு போலயே!”

அப்பா ஒரு சொட்டு தொட்டவரில்லை. நாங்கள் கிறிஸ்தவச் சபைக்காரர்கள். குடிக்கிறவன் என்று ஒரு முறை பெயர் வந்தால், கடன் வாங்கித் திருப்பித் தராதவன் என்ற பெயரைவிட அது நாறும். ஒரு ஞாயிறு திருவிருந்தில் முழங்காலிட்டு அப்பமும் ரசமும் வாங்கியபோது அவர் கை விசுக்கென்று போய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டது. பலிபீடத்து வெள்ளைத் துணியில் திராட்சை ரசம். அந்த வாரமே சபைக் கமிட்டியிலிருந்து ஒருவர் கடைக்கு வந்து, “கொஞ்ச நாளைக்குப் பலிபீடத்துப் பக்கம் வரவேண்டாம், பின்னால உக்காந்து ஜெபிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த திருவிருந்துக்கு அம்மா அப்பாவின் கையைப் பிடித்து நடுப்பாதையில் நடத்திக்கொண்டு போனாள். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். அவர் முன்னால் அப்பாவை நிறுத்தி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆராதனைக் கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“ஐயரே, எம்புருசன் வாய மோந்து பாருங்க.”

“அம்மா, இது கோயில்மா…”

“அதுக்குத்தான் இங்கன கூட்டியாந்தேன். கடைவீதியில மோந்து பாக்கச் சொன்னா நல்லாருக்குமா? பாருங்க. பாத்துட்டு, என்ன வாசம்னு இவுக எல்லாருக்கும் சொல்லுங்க.”

ஐயர் நல்ல மனிதர். குனிந்தார். நிமிர்ந்தார். “கிராம்பு வாசம்தான் வருது” என்றார். கிண்ணம் அப்பாவுக்குக் கிடைத்தது. ஐயரே தம் கையால் பிடித்துக் கொடுத்தார்.

அம்மா ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். மறுநாளே கடைவீதியில் புதுப் பேச்சு: “வாசம் வராத சரக்கா அடிக்கிறாரு. அது வெல கூட.”

மனிதன் தள்ளாடினால் சாராயம். சாராயம் இல்லையென்றால் உயர்ந்த சாராயம். எங்கள் ஊருக்கு மூன்றாவது காரணம் ஒன்று தெரிந்திருக்கவில்லை. அப்பா அந்தக் காரணம் தெரியாமலே செத்துப்போனார். கடைசி வருடங்களில் பேச்சும் குழறியது. அது ஊராரின் தீர்ப்புக்கு முத்திரை வைத்ததுபோல ஆயிற்று.

அந்த மூன்றாவது காரணத்தைத் தேடித்தான் நான் விலங்கியல் படித்தேன். மற்றவர்கள் டாலர் தேடியும் யூரோ தேடியும் விமானம் ஏறினார்கள். நான் ஒரு பதில் தேடி ஏறினேன்.

3

நான் வேலை பார்ப்பது ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில். அசைவுக் கோளாறுகள் மூலக்கூறு அளவில் எங்கே தொடங்குகின்றன என்பதே அங்கே கேள்வி. நான் விஞ்ஞானி இல்லை, தொழில்நுட்பப் பணியாளர். எலியின் சிறுமூளையை முடியைவிட மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் படுக்கவைப்பேன்.

சிறுமூளையில் புர்கின்யே செல்கள் என்று ஒரு வரிசை உண்டு. உடம்பில் இத்தனை அழகான செல் வேறு இல்லை என்பேன். ஒற்றைத் தண்டு. மேலே போய் ஒரே தளத்தில் தட்டையாக விரியும் கணக்கற்ற கிளைகள். முதன்முதலாக நுண்ணோக்கியில் பார்த்த அன்று வாய்விட்டுச் சொன்னேன்: “பந்தல்!” ஆய்வகத்தில் ஒருவருக்கும் புரியவில்லை. உங்களுக்குப் புரியும். கம்பம் தாண்டிக் கூடலூர் போகிற சாலையில் இரண்டு பக்கமும் அதுதானே நிற்கிறது? கீழே ஒற்றைக் கொடித்தண்டு, மேலே கம்பி வலையில் படுத்துப் பரவிய திராட்சை. சிறுமூளைக்குள் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்தச் செல்லுக்குச் சொல்லத் தெரிந்தது ஒரே சொல்: ‘பொறு’. காலைத் தூக்கு, கையை நீட்டு என்பதெல்லாம் வேறு இடத்து உத்தரவுகள். எவ்வளவு தூக்க, எங்கே நிறுத்த என்பதைச் சரியான நொடியில் ‘பொறு’ சொல்லித் திருத்துவது இந்தப் பந்தல். அது சொல்ல மறந்தால் கை டம்ளரைத் தாண்டிப் போகும். கால் படியைத் தாண்டிப் போகும். கிண்ணம் கவிழும். குடம் தெருவில் உருளும்.

ஏன் மறக்கிறது? டி.என்.ஏவில் சி, ஏ, ஜி என்று மூன்று எழுத்து சேர்ந்து வந்தால் ‘ஒரு குளுட்டமின் கோர்’ என்று உத்தரவு. எங்கள் குடும்பத்தில் பழுதான அந்த ஜீன் உங்களுக்கும் உண்டு; அதில் இந்த மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். வந்தால் தப்பில்லை. நடுவில் வேறொரு மூன்றெழுத்து குறுக்கிட்டு மூச்சுவிட இடம் கொடுக்கும். எங்கள் வீட்டுப் பிரதியில் அந்த மூச்சு இல்லை. சி-ஏ-ஜி, சி-ஏ-ஜி, சி-ஏ-ஜி என்று, சரணத்துக்கு வரத் தெரியாமல் பல்லவியிலேயே மாட்டிக்கொண்ட பாடகர் குழு. அதனால் கோக்கப்படும் புரதத்துக்கு வால் நீண்டுவிடுகிறது. சரியாக மடியாமல் கசங்குகிறது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. செல்லின் உட்கருவுக்குள் புகுந்து, எந்த ஜீனை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று பார்த்துக்கொள்கிற மற்ற புரதங்களோடு வம்புக்குப் போகிறது. செல்லும் சும்மா இல்லை. குப்பையை அள்ளப் பார்க்கிறது. பல வருடம் அள்ளுகிறது. ஒரு கட்டத்தில் முடியவில்லை. கிளைகள் மெலிகின்றன. பந்தல் சரிகிறது.

பாவம் அல்ல. சாராயம் அல்ல. செய்வினை அல்ல. மூன்று எழுத்து.

அதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. அந்தத் தகட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கடைவீதியில் ஒவ்வொரு கடையிலும் காட்ட வேண்டும் போலிருந்தது. வருடங்கள் கழித்து, என் கை அதேபோன்ற ஒரு தகட்டை வைக்கும்போது விசுக்கென்று போனது. பரிசோதனை முடிவு வருமுன்பே எனக்கும் அதேதான் என்று தெரிந்துவிட்டது.

4

ஆய்வகத்தில் ஒரு சுழலும் உருளை இருக்கிறது. எலியை அதன்மேல் விட்டு, வேகத்தைக் கூட்டி, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்போம். எங்கள் வீட்டு ஜீனைச் சுமக்கிற எலிகள் சீக்கிரம் விழும். ஆனால் சில எலிகள் நடப்பதை விட்டுவிட்டு உருளையை நான்கு காலாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதோடு சேர்ந்து தலைகீழாகவும் சுற்றி வரும். விதிப்படி அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. நான் மனதுக்குள் சேர்த்துக்கொள்வேன்.

உடற்குறை அட்டை வாங்க நகராட்சி அலுவலகம் போனேன். எந்தத் தேதியிலிருந்து நோய் என்று கேட்டார் அங்கிருந்த பெண்மணி. பிறப்பதற்கு முன்பிருந்தே என்றேன். ‘அப்படிப் போட முடியாது, தேதி வேண்டும்.’ என் தகப்பன் எனக்குக் கொடுத்த தேதி எனக்குத் தெரியாது அம்மா என்றேன். தட்டச்சு நின்றது. கடைசியில், என் முதல் ஆஸ்பத்திரிச் சீட்டின் தேதியில் எனக்கு நோய் பிறந்ததாக அரசாங்கம் முடிவு செய்தது. சரி. அட்டை கிடைத்தது. டிராமில் உட்கார இடம் கிடைக்கிறது. உரிமைக்கு வெட்கம் என்ன?

5

போலீஸ் ஊதச் சொன்ன அதே வாரம் தம்பி சாமுவேல் கூப்பிட்டான். அப்பா கடையை இப்போது அவன்தான் நடத்துகிறான்.

“ஏக்கா, ஜெபாவுக்கு முடிஞ்சிருச்சு. போடியில மாப்ள. வாத்தியாரு.”

ஜெபா அவன் ஒரே மகள். சந்தோஷத்தில் நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“ஓலை அடுத்த வாரம் ஆரம்பிக்கிறாக” என்றான்.

அறியாதவர்களுக்கு: எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, மணமக்கள் பெயரை ஆராதனையில் வாசிப்பார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். அதுதான் ஓலை. யாரும் எதுவும் சொல்லிப் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு வரும் அமைதியில் எல்லாத் தகப்பன்மாருக்கும் வியர்க்கும்.

“அது முடியுற வரைக்கும் நீ வரவேணாம்க்கா. கல்யாணத்தன்னைக்கு வந்தாப் போதும். வீல்சேர்ல உக்காந்துக்க. பனியில வழுக்கி விழுந்துட்டாகன்னு சொல்லிருவோம்.”

“எந்தப் பனியிலலே? இங்க செர்ரி பழுத்துக் கெடக்கு.”

“போடிக்காரகளுக்கு அது தெரியவா போகுது?”

“அப்பாவப் பத்திக் கேட்டாகளா?”

“சுகர்னு சொல்லிட்டேன்.”

“சாமு, ஓட்டைக் கொடத்துக்கு ஈயம் பூசி விக்கிற ஆளாலே நீ?”

“எம்மகள ஓட்டைக் கொடம்ங்கிறியா?”

“அவளச் சொல்லல. ஒன் வாயில பூசியிருக்கிற ஈயத்தச் சொல்றேன். அப்பனுக்கு இல்லாத குடியச் சுமத்துனாக. இப்ப நாமளே இல்லாத சுகரச் சுமத்துறோம். அந்த மனுசனுக்கு அவரு சீக்கு மட்டும்தான் சொந்தமாக் கெடக்கு, அதையும் புடுங்கிக்கிருவியா?”

மறுமுனையில் ஒரு பாத்திரம் விழுந்தது. பெரிய பாத்திரம். சுற்றிச் சுற்றி அடங்க நேரமெடுத்தது.

“என்னலே சத்தம்?”

“தரை ஈரம்” என்றான். வைத்துவிட்டான்.

அந்தத் தரை முப்பது வருடமாக எங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஈரமாக இருக்கிறது.

6

என் மகன் ஜோயல் வேறு நகரத்தில் படிக்கிறான். ஜோயலின் அப்பாவும் நானும் பிரிந்து நெடுநாள். அவன் தமிழ் ‘சாப்பிட்டியா’வில் தொடங்கி ‘சரிம்மா’வில் முடிந்துவிடும். என் ஜீன் அவனுக்குப் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம்; காசைச் சுண்டியதுபோலச் சரிபாதி வாய்ப்பு. பரிசோதனை செய்துகொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டான். தெரியாமல் இருப்பது என் உரிமை என்கிறான். இந்த நாட்டுச் சட்டமும் அவன் பக்கம். முதலில் சண்டை போட்டேன். பிறகு அவன் குரலில் முந்தானை செருகிய அம்மாவைக் கேட்டதால் விட்டுவிட்டேன்.

நேராக ஜெபாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று அவனிடம் சொன்னேன்.

‘உன்னுடையதைச் சொல்’ என்றான் ஜெர்மனில். ‘தாத்தாவுடையதைச் சொல். மாமாவுடையது மாமாவுடையது.’

எரிச்சலாக இருந்தது. சரியாகவும் இருந்தது. தகப்பன் வழியாக இறங்கும்போது அந்த மூன்றெழுத்து வரிசை இன்னும் நீளலாம், நோய் இன்னும் இளவயதில் வந்து கதவைத் தட்டலாம் என்பது எனக்குத் தெரியும். ஜெபாவுக்குச் சாமு தகப்பன். ஆனால் சாமுவுக்கு இருக்கிறதென்று நான் எப்படிச் சொல்ல? பாத்திரம் விழுந்த சத்தத்தை வைத்தா? அப்படித்தானே கடைவீதி அப்பாவுக்குத் தீர்ப்பு எழுதியது.

கூப்பிட்டேன். எனக்கு இன்னது, தாத்தாவுக்கு இன்னதுதான், உங்கப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாது என்றேன். ஜெபா முழுக்கக் கேட்டாள்.

“அத்த, அப்பாவுக்கு ஒரு வருசமா சட்டைப் பட்டன் அம்மாதான் போட்டுவிடுறாக. எனக்குக் கண்ணு இல்லையா?”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“நீங்க ஒங்க ஆய்வக வேலையப் பத்தி நெட்டுல எழுதுனது எல்லாம் படிச்சிருக்கேன். இந்த மூணெழுத்து, பந்தல், எல்லாம். நிச்சயத்துக்கு முன்னாடியே அவுககிட்ட சொல்லிட்டேன்.”

“மாப்பிள்ளகிட்டயா? என்ன சொன்னாரு?”

“‘கெமிஸ்ட்ரி வாத்தியாருகிட்ட வந்து குளுட்டமினா?’ன்னு கேட்டாக. அப்புறம் ராத்திரியெல்லாம் படிச்சிருப்பாக போல. மறுநாள் கண்ணு வீங்கி வந்தாக. ‘டெஸ்டு எடுத்துப் பாக்கணுமா வேணாமான்னு ரெண்டு பேரும் சேந்து முடிவெடுப்போம், கல்யாணத்தத் தள்ளிப்போட வேணாம்’னாக. அவுக அம்மாதான் ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் போன் போட்டு, ‘எங்க வீட்டுல சுகர் இல்லாத ஆளே கெடையாது, நாங்க என்ன எழுதி ஒட்டிட்டா பொண்ணெடுத்தோம்’னாக.”

சிரித்துவிட்டோம். பிறகு அவள் குரல் இறங்கியது.

“அப்பாவுக்குத்தான் இது எதுவும் தெரியாது அத்த. மாப்பிள்ள வீட்டுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு மனுசன் செத்துச் செத்துப் பொழைக்கிறாக. நான் சொன்னா, எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாக. அவுக நடையப் பாத்துத் தெரியும்னு எப்படிச் சொல்ல? நீங்க சொல்லுங்க.”

ஆக, கல்யாணம் ஆபத்தில் இல்லை. ஆபத்தில் இருந்தவன் என் தம்பி. பொய்யைக் காவல் காத்தே விழப்போகிறவன்.

சாமுவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியும், கல்யாணம் நடக்கும், இனி நீ யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்று குரல் பதிவு அனுப்பினேன். கேட்டதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

7

எங்கள் கோயில் ஆராதனை இப்போது இணையத்தில் நேரலையாக வருகிறது. மேல்மாடத்தில் நட்டுவைத்த ஒரே கேமரா. இங்கே கோடை விடியல். அங்கே மின்விசிறிகள் சுற்றத் தொடங்கிவிட்டன. முதல் ஓலை, இரண்டாம் ஓலை, இரண்டு ஞாயிறும் சாமு கடைசி வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தான். அமைதி வந்ததும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான்.

மூன்றாம் ஞாயிறு ஜோயல் வந்திருந்தான். சோபாவில் என் பக்கத்தில், பாதித் தூக்கத்தில்.

ஐயர் வாசித்தார். பெயர்கள், தகப்பன் பெயர்கள், சபைகள். “…தடை சொல்லத்தக்க காரணம் எவரேனும் அறிந்திருந்தால் அறிவிக்கலாம். இது மூன்றாம் அழைப்பு.”

அமைதி.

தூணுக்குப் பக்கத்தில் ஒருவன் எழுந்தான்.

“மாமா” என்றான் ஜோயல், நிமிர்ந்து.

சாமு நடுப்பாதைக்கு வந்தான். கால்களை அகட்டி, ஒவ்வொரு பெஞ்சின் தலைப்பையும் பிடித்துப் பிடித்து. எலும்பை உருவியதுபோல ஒரு நடை. என் நடை. அப்பா நடை. தாங்கிப்பிடிக்க ஓடிவந்த ஒருவரைப் புறங்கையால் விலக்கினான். பாதி வழியில் ஒரு பெஞ்சைத் தவறவிட்டான். கூட்டமே ஒரு மூச்சு இழுத்தது ஒலிபெருக்கியில் கேட்டது. விழவில்லை. அடுத்த பெஞ்சைப் பிடித்தான். ஐயர் மைக்கைக் கழற்றிக் கொடுத்தார்.

“தடை இல்லீங்கய்யா” என்றான். “பொண்ணுக்கு அப்பன் நான். பாத்திரக்கடை சாமுவேல். எங்கப்பாவத் தெரிஞ்சவுக இங்கன நெறையப் பேரு இருக்கீக. அவரு குடிச்சதில்ல. அவருக்கு இருந்தது மூளையில வர்ற ஒரு சீக்கு. எங்கக்காவுக்கு இருக்கு. எனக்கும் இருக்கு, டெஸ்டு எடுக்கல, எடுக்காமலே தெரியுது, பாத்தீகல்ல. எம்மகளுக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மாப்பிள்ள வீட்டுக்குத் தெரியும். இப்ப ஒங்களுக்கும் தெரியும். நாளைக்கு ஒருத்தரு காதுல ஒருத்தரு சொல்றதுக்கு ஒண்ணும் மிச்சமிருக்கக் கூடாது பாருங்க, அதுக்குத்தான் வந்தேன்.”

மைக்கைத் திருப்பிக் கொடுத்தான். ஜெபா முன்வரிசையிலிருந்து நகர்ந்து இடம் விட்டாள். அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.

ஜோயலுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, ‘எனக்கும் ஒரு டிக்கெட் போடு’ என்றான். பரிசோதனை பற்றி அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஆராதனை முடிந்ததும் போன் அடித்தது.

“பாத்தியா?”

“பாத்தேன்லே.”

“விழுந்துருவேன்னு நெனச்சியா?”

“நெனச்சேன்.”

“நானும்” என்று சிரித்தான். ரொம்ப நாளாகக் கேட்காத சிரிப்பு. “எப்பக்கா வர்ற? வீல்சேரு ஒண்ணும் வேணாம். கமிட்டிக்காரகளப் புடிச்சு இப்பத்தான் பேசுனேன். பலிபீடத்துப் படிக்கு இரும்புக் கைப்பிடி வைக்கணும்னு. கூட்டம் போட்டுத்தான் முடிவெடுப்போம்னாக. ‘கூட்டம் நீங்க போடுங்க, வெல்டரு வியாழக்கெழம வர்றான்’னுட்டேன்.”

“ஒரு பக்கமாலே, ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும்தான். பின்ன, நீயும் நானும் ஒருத்தர் பின்னால ஒருத்தரு வரிசையிலயா நிப்போம்? ஒண்ணாத்தான் ஏறுறோம்.”